ஏழுமலையின் முழங்கை என்ன நிறம்?

காலை ஏழு நாற்பது. வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு வலது முழங்கை. ஜன்னல் கட்டையில் ஊன்றியிருந்தது. சட்டைக் கை அழகாக மடித்து விடப்பட்டிருந்தது. அந்தக் கையின் மறுமுனையில் ஒரு டீ கிளாஸ்.

"ஷார்ட் கேஸ் ரெடி மேடம்" என்றார் ஏழுமலை. மாணவர் சில நிமிடங்களில் பரிசோதித்து விவரிக்க வேண்டிய நோயாளிக்குத் தேர்வில் அந்தப் பெயர்.

எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மெடிசின் செய்முறைத் தேர்வு ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும். ஏழுமலை மயிலத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள கட்டிலைத் தன் துண்டைப் போட்டுப் பிடித்துவிட்டிருந்தார். இதய வால்வு கேஸாக வந்திருந்த பெரியவருக்கு அதில் வருத்தம். அவரைச் சமாதானப்படுத்துவதுதான் அன்று நான் செய்த முதல் வேலை.

புதிதாகத் தோல் மருத்துவம் கற்பிக்க வந்திருக்கும் உங்களுக்கு ஏழுமலை போன்றவர்களைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தேர்வு என்றால் நோயாளிகள் வேண்டும். வார்டில் அன்று கிடைப்பவர்களை மட்டும் நம்பித் தேர்வு நடத்த முடியாது. அதனால் நாட்பட்ட நோய் உள்ள சிலரை முன்கூட்டியே சொல்லி வரவழைப்போம். பஸ் செலவு உண்டு, மதியச் சாப்பாடு உண்டு. சில வருடங்களில் அவர்கள் அந்தத் தொழிலில் நம்மைவிட மூத்தவர்களாகிவிடுவார்கள். எந்தத் தேர்வாளர் எந்தக் கேள்வி கேட்பார், எந்தப் பதிலுக்குத் தலையாட்டுவார் என்று அவர்களுக்குத் தெரியும். ஏழுமலைக்கு சொரியாசிஸ். முழங்கைகளிலும் முட்டிகளிலும் தடித்த திட்டுகள், மேலே செதில். பதினைந்து வருடமாகப் பல கல்லூரிகளின் தேர்வுகளில் படுத்து எழுந்தவர். மாணவர் திணறினால் உதட்டை அசைக்காமல் விடையைச் சொல்வார். கூலி வேலை அவருக்கு வயிற்றுப்பாடு. தேர்வு அவருக்கு அந்தஸ்து.

அவரிடம் எனக்கு ஒரே ஒரு சண்டை இருந்தது. தேர்வு வருகிறது என்று தெரிந்தால் ஒரு வாரம் முன்பே களிம்பை நிறுத்திவிடுவார். களிம்பு போட்டால் செதில் உதிர்ந்துவிடும், கேஸ் கெட்டுவிடும் என்பது அவர் கணக்கு. வருடத்தில் இத்தனை தேர்வு இருக்கும்போது அந்த முழங்கை எப்போது ஆறும்? திட்டினால் பணிவாகக் கேட்டுக்கொள்வார். அடுத்த முறையும் முழுச் செதிலோடு வந்து நிற்பார்.

அன்றைய தேர்வைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1993-இல் நான் திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த சில நாட்களில் வானூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். கட்டட வேலையில் சித்தாள். காலில் கம்பி கீறியிருந்தது. இடது கால் முழங்கால் வரை வீக்கம், நல்ல காய்ச்சல். இரவுப் பணி மருத்துவர் கேஸ் ஷீட்டில் தெளிவாக எழுதியிருந்தார்: வீக்கம் உண்டு, சிவப்பு இல்லை. நம் பக்கத்தில் கால் வீங்கி, சிவப்பும் இல்லை என்றால் எல்லோருடைய மனமும் ஒரே இடத்துக்குப் போகும். யானைக்கால். அதற்கான மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள்.

எங்கள் சர்ஜன் என்னைவிட இரண்டு வயது சின்னவர். வாய்த்துடுக்கு அதிகம், பொறுமை குறைவு. என்னைக் கூப்பிட்டு, இது தோல் சமாச்சாரமா என்று கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். எனக்கும் சிவப்பு தெரியவில்லை. அவர் கட்டிலின் காலைப் பிடித்து இழுத்து, வராந்தா வெயிலுக்கு நேராக நிறுத்தினார். இரண்டு கால்களையும் ஒட்டி வைக்கச் சொன்னார்.

"ஒரு காலு பளபளன்னுக்கீது. ஒரு காலு சாதாரணமாக்கீது. ஒண்ணு கருத்துக்கீது, ஒண்ணு இல்ல. தொட்டா சுடுது. இன்னும் என்னாத்துக்கு மேடம் சிவப்பு?"

தோலுக்கடியில் பரவும் கிருமித் தொற்று அது. அன்று மதியமே திறந்து சீழை எடுத்தார்கள். கால் பிழைத்தது. சுண்டுவிரல் போனது.

அந்த இரவு மருத்துவர் சோம்பேறி இல்லை. பார்த்துத்தான் எழுதினார். அவர் படித்த புத்தகத்தில் இந்தத் தொற்றின் படம் இருந்தது. நான் படித்ததும் அதே புத்தகம்தான். வெள்ளைக்காரர் கால், தக்காளிச் சிவப்பு. அழற்சி என்றால் சிவப்பு, எங்கள் பாஷையில் எரித்திமா. அந்தச் சொல்லைத் தேடிப் போனவர் கண்ணில் அந்தச் சித்தாளின் கருத்த, பளபளத்த கால் படவில்லை.

அப்போது முடிவு செய்தேன், இந்த ஊர்த் தோலைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று. நோயாளிகளிடம் கேட்டுச் சம்மதித்தவர்களை மட்டும் எடுத்தேன். திண்டிவனத்தில் ஒரு ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தேன். முதல் கட்டுப் படங்கள் வந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. மரக்காணத்து மீனவர் ஒருவர் முதுகு கோதுமை நிறத்தில் இருந்தது. ஒரு சிறுமியின் கன்னத்துப் படை காணாமலே போயிருந்தது. ஸ்டூடியோக்காரரிடம் கேட்டேன்.

"கல்யாணப் பொண்ணுக்குப் பண்ற மாதிரி கொஞ்சம் வெளுப்பா எடுத்து வுட்டேன் மேடம். எல்லாரும் அப்பிடித்தான் கேப்பாங்க" என்றார். அவருக்கு அது மரியாதை. என் நோயாளிகளைக் கருப்பாகவே கொடுங்கள் என்று சொல்லிப் புரியவைக்க எனக்கு நான்கு ரோல் பிலிம் ஆனது. கடைசி வரை அவர் முழுமனதாக ஒப்புக்கொள்ளவில்லை. படங்களைக் கல்யாண ஆல்பத்தின் உறையிலேயே போட்டுக் கொடுப்பார். மணமக்கள் மாலை மாற்றும் உறைக்குள் படர்தாமரை இருக்கும்.

பின்னால் விழுப்புரம் வட்டாரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்க வந்தபோது இந்தப் படங்கள்தான் என் சொத்து. பழைய ஸ்லைடுகளை ஓரம் கட்டிவிட்டு இவற்றைப் போட்டேன். சக ஆசிரியர்கள் எதிர்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. எதிர்த்தவர்கள் மாணவர்கள்.

"மேடம், புக்குல எரித்திமான்னு போட்டிருக்கு. நீங்க ஊதா, பழுப்பு, சாம்பல்னு சொல்றீங்க. எக்ஸாம்ல எதைச் சொல்றது?"

பார்த்ததைச் சொல்லுங்கள் என்றேன். என் கணவர் ஒரு நாளிதழின் நிருபர். 'பயங்கர விபத்து' என்று எழுதி அனுப்பினால் அலுவலகத்தில் வெட்டிவிடுவார்கள். லாரி எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்று எழுதினால் போடுவார்கள். அந்தக் கதையையும் வகுப்பில் சொல்வேன். மாணவர்கள் சிரிப்பார்கள். பார்த்ததைச் சொல்லுங்கள் என்பது ஆசிரியருக்குச் செலவில்லாத அறிவுரை. செலவு மாணவருக்கு.

அந்தச் செலவு கலையரசியின் தலையில் விழுந்தது.

கலையரசி மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்துப் பெண். நன்றாகப் பார்ப்பாள், மெதுவாகப் பேசுவாள். தேர்வில் இது ஆபத்தான கலவை. முதல் முறை மெடிசின் செய்முறையில் தோற்றிருந்தாள். நான் சொல்லும் இந்தத் தேர்வு அவளுக்கு இரண்டாவது முறை. அவளோடு படித்தவர்கள் எல்லாம் அதே வார்டில் ஹவுஸ் சர்ஜன்களாக, அதாவது பயிற்சி மருத்துவர்களாக, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன்தான் அன்று காலை கட்டில்களுக்கு எண் ஒட்டினான். அவள் மட்டும் மாணவியாக வெள்ளை ஏப்ரனில் வரிசையில் நின்றாள். இதிலும் போனால் இன்னொரு ஆறு மாதம். வீட்டில் படிப்பை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொள் என்று பேச்சு வந்துவிட்டது என்று அவள் தோழி என்னிடம் சொல்லியிருந்தாள்.

வெளித் தேர்வாளர் பெரிய ஊர்க் கல்லூரியிலிருந்து வந்த மூத்த பேராசிரியர். கோபக்காரர் இல்லை, அநியாயக்காரரும் இல்லை. சொற்சுத்தம் பார்ப்பவர். மாலை ரயிலுக்கு டிக்கெட் வைத்திருந்தார். தோல் கேஸ் என்பதால் அந்தக் கட்டிலுக்கு மட்டும் உள் தேர்வாளராக என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

கலையரசிக்கு விழுந்தது ஏழுமலை. அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "போன தபா வந்த பாப்பாதான" என்று அவர் மெல்ல விசாரித்தது என் காதில் விழுந்தது. அவளுக்காக அவர் முகத்தில் ஒரு உறுதி வந்தது.

தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கும். நான் நடந்ததைத் தமிழில் சொல்கிறேன். அவள் நோயின் வரலாறு சொன்னாள், சரியாக. இடம் சொன்னாள், எல்லை சொன்னாள், செதிலைச் சொன்னாள். தேர்வாளர் தலையாட்டிக்கொண்டே வந்தார். நிறம் என்று கேட்டார்.

சுற்றியுள்ள தோலைவிட அடர்த்தி, ஊதா கலந்த கருப்பழுப்பு என்றாள்.

எரித்திமாவை விட்டுவிட்டாயே என்று அவர் எடுத்துக் கொடுத்தார். நல்லெண்ணத்தோடுதான். ஆமாம் சார் என்று சொன்னால் முடிந்தது.

அவள் முழங்கையைப் பார்த்தாள். "சிவப்பு தெரியலை சார்" என்றாள்.

அவர் பேனாவை ஷீட்டின் மேல் குறுக்காக வைத்தார். எரித்திமா இல்லாத சொரியாசிஸை நீ எங்கே படித்தாய் என்று கேட்டார். அவள் படித்த இடம் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஏழுமலை கூரையைப் பார்த்தபடி உதட்டோரமாக முணுமுணுத்தார். "சிவப்பு... சிவப்புன்னு சொல்லு பாப்பா. ஜல்தியா சொல்லிட்டுப் போ."

அவளுக்கும் கேட்டது. எனக்கும் கேட்டது. அவள் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்வாளர் பேனாவை எடுத்து ஒரு எண்ணை எழுதினார். நான் இருந்த இடத்திலிருந்து அது என்ன எண் என்று தெரியவில்லை. ஒற்றை இலக்கம், தேறப் போதாது என்பது தெரிந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் உங்களுக்கு முதலில் தோன்றுவது வாதாட வேண்டும் என்பதுதான். நான் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன் சார், அவள் சொல்வது சரி. நாக்கின் நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அது எங்கள் இரண்டு பேருக்கும் இடையிலான வழக்காக மாறியிருக்கும். ஒரு துறை தன் மாணவியைக் காப்பாற்றப் பார்க்கிறது என்று ஆகியிருக்கும். மாணவர் முன்னால் தேர்வாளரைத் திருத்தினால், அவர் தன் சொல்லைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவாவது மாணவரைத் தோற்கடிப்பார். அப்படி ஒருமுறை பார்த்திருக்கிறேன். எதுவும் சொல்லாமல் இருந்தாலும் அவள் தோற்பாள். திண்டிவனத்து வராந்தா ஞாபகம் வந்தது.

"சார், இந்த டியூப்லைட்ல எனக்கே சரியாத் தெரியல. கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிக்கலாமா?" என்றேன்.

மறுக்க முடியாத கோரிக்கை அது. ஹவுஸ் சர்ஜன் பையன் ஓடி வந்து தள்ளினான். கட்டில் சக்கரம் ஒன்று சுற்றாமல் கீச்சென்று இழுத்தது. ஏழுமலை தேரில் ஏறி உட்கார்ந்திருப்பவர் போல அசையாமல் வந்தார். மின்விசிறி போனதில் மட்டும் அவருக்குக் குறை. வால்வுப் பெரியவர் அங்கிருந்து திருப்தியாகப் பார்த்தார்.

ஜன்னல் வெளிச்சம் முழங்கையில் நேராக விழுந்தது. நான் ஒரு வெற்றுத் தாளை எடுத்துக்கொண்டேன். "நீங்க சொல்லுங்க சார், துறையில வெச்சுக்க நான் எழுதிக்கறேன்" என்றேன். அவருக்கு அதில் மகிழ்ச்சி. குனிந்து எல்லை சொன்னார், தடிப்புச் சொன்னார், செதில் சொன்னார், எழுதினேன். நிறம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்திக் காத்திருந்தேன்.

அவர் வாயைத் திறந்தார். முழங்கையைப் பார்த்தார். வாயை மூடினார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு இன்னும் கிட்டத்தில் போனார்.

ஏழுமலைக்கு இந்த மௌனம் பழக்கமில்லை. ஒரு தேர்வாளரே திணறுவதை அவர் அதுவரை பார்த்ததில்லை. உதவிக்கு வந்தார்.

"சிவப்பு சார்."

பேராசிரியர் நிமிர்ந்தார். காலையிலிருந்து ஆங்கிலம் மட்டுமே பேசியவர், தமிழுக்கு வந்தார். "ஏம்ப்பா, இது சிவப்பாவா இருக்கு?"

"எக்ஸாமுக்கு சிவப்பு சார். பாஞ்சு வருசமா அப்பிடித்தான் சொல்லிக்கினு வரேன். ஊட்டுல எம்பொண்டாட்டி நாவாப்பழம்னு சொல்லும்."

யாரும் சிரிக்கவில்லை. ஹவுஸ் சர்ஜன் மட்டும் திரும்பிக் கட்டில் சக்கரத்தைச் சரிபார்க்கத் தொடங்கினான். பேராசிரியர் மறுபடி முழங்கையைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் நோயில்லாத தோலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கலையரசியிடம் திரும்பி, புதிதாகத் தேர்வைத் தொடங்குபவர் போல ஒரு கேள்வி கேட்டார். சிவப்பை வைத்துத்தான் நோய் விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று நான் சொல்வேன். நீ எதை வைத்துச் சொல்வாய்?

அது அன்றைய ஒரே நல்ல கேள்வி. அவள் மெதுவாகவே பேசினாள். புறங்கையால் தொட்டு, திட்டுக்கும் நல்ல தோலுக்கும் சூட்டு வித்தியாசம் பார்ப்பேன். தடிப்பைப் பார்ப்பேன். ஓரம் புதிதாகப் பரவுகிறதா என்று கேட்பேன். செதிலை மெல்லச் சுரண்டினால் ஊசி முனை போல ரத்தம் எட்டிப் பார்க்கும். சுரண்டிக் காட்டலாமா என்று தேர்வாளரிடம் கேட்காமல் ஏழுமலையிடம் கேட்டாள்.

"சொரண்டு பாப்பா. ஒரு வாரமா உனுக்குன்னுதான் வளத்து வெச்சிருக்கேன்."

மைக்ராஸ்கோப் கண்ணாடித் தகட்டின் ஓரத்தால் சுரண்டினாள். வெள்ளைச் செதில் மெழுகு போல உதிர்ந்தது. அடியில் இரண்டு சின்ன ரத்தப் புள்ளிகள். அவை சிவப்பாகத்தான் இருந்தன. பேராசிரியர் அவற்றைக் குனிந்து பார்த்தார். ஷீட்டில் முதல் எண்ணை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார்.

டீ குடிக்கும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"என் காலேஜ்ல இப்படி ஒரு பிள்ளை சொல்லியிருந்தா ஃபெயில் போட்டிருப்பேன்."

"இங்கயும் போடப் பாத்தீங்க சார்."

"பாக்கல, போட்டேன். அப்புறம்தான் அடிச்சேன்." பிஸ்கட்டை டீயில் நனைத்தார். "கட்டிலை நீங்க வேணும்னுதான நகர்த்தினீங்க?"

லைட் சரியில்லை சார் என்றேன். சரிதான் என்றார். கிளம்பும் முன், என் கல்யாண உறைகளில் இருந்த படங்களில் சிலவற்றுக்குப் பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆகவே, வரப்போகும் வருடங்களில் நீங்கள் பாடத்தை மாற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். மாற்றிய பாடத்தோடு தேர்வு மேஜைக்குத் தனியாகப் போவது மாணவர். நீங்கள் அங்கே இருந்தால் வாதத்தை விட்டுவிட்டுக் கட்டிலை நகர்த்துங்கள். வெளிச்சத்தில் ஒருவரை வாய்விட்டு விவரிக்கச் சொல்வது போல வலுவான வாதம் எதையும் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கலையரசி தேறினாள். அடுத்த மாதமே ஹவுஸ் சர்ஜனாக அதே வார்டுக்கு வந்தாள். வந்தவுடன் அவள் செய்த முதல் காரியம் ஏழுமலையின் மனைவியை வரவழைத்தது. நாவல்பழம் என்று சொன்ன அந்த அம்மாவிடம் களிம்பைக் கொடுத்து, தேர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் நீங்களே தேய்த்துவிடுங்கள் என்றாள். "எக்ஸாம் எக்ஸாம்னு எம்மாம் பேஜாரு பண்ணிக்கினு இருந்துச்சி, இனிமே நான் பாத்துக்கறன் வுடுங்க" என்று அந்த அம்மா டியூபை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அடுத்த வருடத் தேர்வுக்கும் ஏழுமலை முதல் பஸ்ஸில் வந்தார். களிம்பு வேலை செய்திருந்தது. செதில் இல்லை, தடிப்பு இல்லை. திட்டுகள் இருந்த இடம் வெளிறி, சுற்றுத் தோலைவிட நிறம் குறைந்து மழமழப்பாக இருந்தது. ஆறிய சொரியாசிஸும் பாடம்தான் என்று அவரைச் சேர்த்துக்கொண்டேன். கட்டிலையும் முன்னாலேயே ஜன்னல் ஓரம் போடச் சொன்னேன்.

ஒவ்வொரு மாணவர் வந்து குனியும்போதும் அவர் கூரையைப் பார்த்தபடி உதட்டோரமாக, "நாவாப்பழக் கலர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பேருக்கு மேல் அப்படியே சொன்னார்கள்.